ஐந்தாவது ஆள் நான்

என் மகளுடைய இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று நான் அழுதேன். வார்டில் இருந்தவர்கள் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மை அதுவல்ல. இதயத்தில் ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. இதய நோய் என்றால் யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அப்படி நினைத்தவள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போக வேண்டிய தீவு ஊரான ஹட் பேயில் நாங்கள் இருக்கிறோம். பஜாரில் எனக்கு ஒரு தையல் கடை. பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் பெரும்பாலும் வரும். என் வீட்டுக்காரர் லைன்மேன். ஒரே மகள், நிவேதா; இது நடந்தபோது பத்தாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். கடைக்கு வருகிற பெண்கள் துணி கொடுத்துவிட்டு உடனே போக மாட்டார்கள். யாரைப் பற்றியாவது நான் நடித்துக் காட்ட வேண்டும், அவர்கள் சிரிக்க வேண்டும். சிரிக்க வைக்கிறவள் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

கோடை விடுமுறை முடிந்து, நானும் நிவேதாவும் போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தோம். மழைக்காலம் பிடித்துக்கொண்டது. பாதி வழியில் கப்பல் இரண்டு பக்கமும் சாய ஆரம்பித்தது. எனக்கு அது பழக்கம். நிவேதாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, திடீரென்று எழுந்து ஓடினாள். லைஃப் ஜாக்கெட் ஒன்றை இழுத்து, முன்பின்னாக மாட்டிக்கொண்டு, இருக்கையின் காலைக் கட்டிப் பிடித்தபடி ஹிந்தியில் கத்தினாள்: “ஜஹாஜ் ரோக்கோ! கேப்டன்கிட்ட சொல்லுங்க, கப்பலை நிறுத்தச் சொல்லுங்க!” நடுக்கடலில் கப்பலை நிறுத்தி எங்கே இறங்குவது? சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, போனை எடுத்து வீடியோ பிடித்தேன்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவளைப் பிடிக்க வேண்டிய கையில் நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டேன். “எங்க வீட்டு கேப்டன் மேடம்” என்று கீழே எழுதி, சிரிக்கிற முகங்கள் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். என் அண்ணன் மகன் கார்த்திக் அதே பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு. அவன் தன் நண்பர்களுக்கு அனுப்பினான். அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் நிவேதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தாள். பையன்கள் புத்தகப் பையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு, “ஜஹாஜ் ரோக்கோ” என்று கத்துகிறார்களாம்.

“யாரு வீடியோ எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும். மௌஷுமி. அவதான் அந்தக் கப்பல்ல வந்தா. அவ கையிலதான் போன் இருந்துச்சு” என்றாள்.

மௌஷுமி அவளுடைய உயிர்த்தோழி. வங்காளிக் குடும்பம், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அன்று தன் அப்பாவோடு அதே கப்பலில்தான் வந்தாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. “அவளா இருக்காது புள்ள” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், என் போனிலிருந்து வீடியோவை அழித்தேன். ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடி கேட்டார்: “அழிச்சுட்டியா?”

“ம்.”

அவரும் அந்தக் குழுவில் இருப்பவர்தான். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நிவேதா மௌஷுமியோடு பேச்சை நிறுத்தினாள். அடுத்த வாரம் வகுப்பில் அவளுக்கு நெஞ்சு அடைத்தது, கை விரல்கள் மரத்தன, செத்துவிடுவேன் என்று கத்தினாள். உள்ளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. பிறகு பிரேயரில் ஒரு தடவை, பஜாரில் ஒரு தடவை. அப்புறம் வீட்டை விட்டு வெளியே வர மறுத்தாள். போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே போகவும் கப்பல்தான். மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தோம். வழி முழுக்க அவள் முகத்தை என் மடியில் புதைத்துக்கொண்டு வந்தாள்.

ஐந்து நாள் வார்டில் இருந்தோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் பசை தடவி, இதயம் துடிப்பதைத் திரையில் பார்க்கிற எக்கோ எடுத்தார்கள். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் பார்த்தார்கள். ஒவ்வொரு அறைக்கு வெளியேயும் ஒரு நீளப் பெஞ்சு. காலையில் டோக்கன் எடுத்தால் மத்தியானம் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பெண்கள் வார்டில் அவரை உள்ளே விட மாட்டார்கள், பார்வை நேரத்தில் மட்டும் வருவார். அந்த அரை மணி நேரத்தில் அவளுக்குத் தலை பின்னிவிடுவார். கம்பம் ஏறுகிற கை, பின்னல் கோணலாக வரும். நிவேதா அவிழ்க்காமல் அப்படியே வைத்துக்கொள்வாள். நான் பின்ன வந்தால், “இருக்கட்டும்மா” என்பாள்.

பக்கத்துக் கட்டிலில் கார் நிக்கோபார் தீவிலிருந்து வந்த ஒரு அம்மாள். அவருக்கு ஊரிலிருந்து தேங்காயும் வாழைப்பழமும் வரும், எங்களுக்கும் பங்கு வைப்பார். “பச்சி கோ க்யா ஹுவா?” என்று கேட்டார். பிள்ளைக்கு என்ன என்று. “ஹார்ட்” என்றேன். நிவேதா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் சொன்ன பொய் அவள் காதில் விழுந்தது. சொல்லக்கூடாத நோய் தனக்கு வந்திருக்கிறது என்று அவள் புரிந்துகொண்டிருப்பாள். அதுவும் என் வேலைதான்.

எல்லா ரிப்போர்ட்டும் வந்த பிறகு மனநல டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். இதற்கு பேனிக் அட்டாக் என்று பெயர். “சுனாமி எச்சரிக்கை சைரன் இருக்குல்ல, கடல் சும்மா இருக்கும்போதே அது அடிச்சா எப்படி இருக்கும்? எல்லாரும் ஓடத்தான் செய்வாங்க. சைரன் நெசம், பயம் நெசம். அலை மட்டும் வரல. உங்க பொண்ணு நடிக்கல. உடம்பு அபாயச் சங்கு ஊதுது, அவ்வளவுதான்.” மருந்து இப்போதைக்கு வேண்டாம் என்று, உளவியல் மேடத்திடம் அனுப்பினார்.

அந்த மேடத்தின் பெயர் ஷீபா என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையாளி. அவர் செய்த சிகிச்சையை சி.பி.டி. என்கிறார்கள். படுக்க வைத்து மயக்குவதோ, பழைய கதையைத் தோண்டுவதோ இல்லை. பள்ளிக்கூடம் போல இருக்கும், வீட்டுப்பாடம் கூட உண்டு. மனதில் ஒரு எண்ணம் ஓடுகிறது, அதைக் கேட்டு உடம்பு பதறுகிறது, பதற்றத்தில் நாம் ஒன்று செய்கிறோம், செய்தது அந்த எண்ணத்தை இன்னும் கெட்டியாக்குகிறது. இந்தச் சுற்றை எங்கேயாவது அறுக்க வேண்டும். அதற்கு முதலில் எண்ணத்தை ஒரு நோட்டில் எழுதி, எவ்வளவு நம்புகிறாய் என்று நூற்றுக்கு மார்க் போட வேண்டும். பிறகு அது உண்மை என்பதற்கு என்ன சாட்சி, உண்மையில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று இரண்டு பத்தி. கடைசியில் மறுபடியும் மார்க்.

டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்குத் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் வேலைக்குப் போய்விட்டார். அவருடைய தங்கை கமலா பக்கத்தில் சிப்பிகாட்டில் இருக்கிறாள். அவள் வீட்டில் தங்கி, வாரத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். கமலா காலை ஐந்து மணிக்கே எழுந்து எங்களுக்குச் சோறு கட்டிக் கொடுப்பாள். நிவேதாவுக்கு மீனில் முள் எடுத்துத் தனி டப்பாவில் வைப்பாள். அவளும் அந்தக் குழுவில் இருப்பவள். வந்த முதல் நாள் என்னைக் கிணற்றடியில் பார்த்து, “அண்ணி, புள்ளைக்குத் தெரியுமா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஷீபா மேடம் நிவேதாவைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினார். படிக்கட்டில் ஓடி ஏறச் சொன்னார். மெல்லிய ஸ்ட்ராவை வாயில் வைத்து, அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். தலைசுற்றல், படபடப்பு, மூச்சுமுட்டல் எல்லாம் வேண்டுமென்றே வரவழைத்து, அவை தானாகவே அடங்கிவிடுகின்றன என்று உடம்புக்குக் காட்டுவதற்காக. முதல் நாள் அழுதாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். “சேச்சி, விடணும். நீங்க பிடிச்சா, பிடிச்சதுனாலதான் பிழைச்சேன்னு மோளு நினைக்கும்” என்றார் மேடம். மகளை மலையாளத்தில் ‘மோளு’ என்பார். பிடிக்க வேண்டிய நாளில் பிடிக்கவில்லை. இப்போது பிடிக்க எனக்கு அனுமதி இல்லை. வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு தடவையும் கடைசிப் பத்து நிமிடம் என்னை உள்ளே கூப்பிடுவார்கள். நிவேதா நோட்டைக் காட்டுவாள். ஹிந்தியில்தான் எழுதுவாள், நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ‘எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறது’ என்பது தொண்ணூறிலிருந்து முப்பதுக்கு வந்தது. ‘மயங்கி விழுந்து செத்துவிடுவேன்’ இருபதுக்கு வந்தது. ஐந்தாவது வாரம் ஒரு புதுப் பக்கம்: ‘மௌஷுமி என்னைக் காட்டிக்கொடுத்தாள்.’ முதலில் நூறு. சாட்சி: கப்பலில் இருந்தாள், கையில் போன் இருந்தது. எதிர்சாட்சி: ‘நான் இல்லை என்று அம்மன் மேல் சத்தியம் செய்தாள். ஏழு வருஷத்தில் என் ரகசியம் ஒன்றைக் கூட வெளியே சொன்னதில்லை. வீடியோ நான் உட்கார்ந்த பக்கத்திலிருந்து எடுத்தது என்று பையன்கள் சொன்னார்கள். அவள் எதிர்ப்பக்கம் இருந்தாள்.’ கீழே மார்க்: ஐம்பது.

பதினைந்து வயதுப் பெண் எவ்வளவு நேர்மையாகக் கணக்குப் பார்த்திருக்கிறாள் என்று நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். நான் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டேன். அவள் குணமாகக் குணமாக என் பக்கம் நெருங்கி வந்துகொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அடுத்த வாரம், ஊருக்குப் போய்விடலாமா, இப்போதுதான் நன்றாகிவிட்டாயே என்று அவளிடம் கேட்டேன்.

“இன்னும் முடியலம்மா. மேடம் சர்வே குடுத்திருக்காங்க” என்றாள்.

சர்வே என்பது இதுதான். ‘அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லோரும் என்னை அசிங்கமாக நினைக்கிறார்கள்’ என்று அவள் நம்பினாள். அது உண்மையா என்று நாமே யோசித்துக்கொண்டிருந்தால் தெரியாது. பார்த்தவர்கள் ஐந்து பேரிடம் நேராகக் கேட்டு, பதிலை அப்படியே எழுதிக்கொண்டு வர வேண்டும். மூன்று பேரிடம் போனில் கேட்டாள். வகுப்பில் கூடப் படிக்கிறவள் ஒருத்தி, அப்படி ஒரு வீடியோ வந்ததே தனக்கு மறந்துபோய்விட்டது என்றாளாம். கார்த்திக்கிடம் கேட்க வேண்டாம் என்று நான் சொன்னேன், அவன் கிண்டல் பண்ணுவான் என்று. நாலாவதாக கமலா அத்தை.

நான் முந்திக்கொண்டேன். கமலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். “யாரு அனுப்புனதுன்னு கேட்டா, ஞாபகம் இல்லைன்னு சொல்லிரு. ஒன் காலப் புடிச்சுக் கேக்குறேன்.”

“என்னாங்க அண்ணி இது” என்று அவள் பின்னால் நகர்ந்தாள். நான் உண்மையிலேயே குனிந்துவிட்டேன். வயதில் சின்னவள், எனக்கு மரியாதை கொடுத்தே பழகியவள். என் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டு, “சரி” என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் நிவேதா நோட்டோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். கமலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் இருந்தேன்.

“அத்தை, வீடியோ பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“பாத்ததும் என்னா நெனச்சீங்க?”

கமலா கத்தியைக் கீழே வைத்தாள். “ஐயோ, புள்ள இப்படிப் பயந்து கெடக்குதே, யாராச்சும் தூக்கிப் புடிக்க மாட்டாங்களான்னு நெனச்சேன்.”

நிவேதா எழுதினாள். அவள் கண் நிறைந்துவிட்டது. “அசிங்கமா நெனைக்கலையா?”

“ஒன்னைய இல்ல” என்றாள் கமலா. பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அது யாரு அனுப்பி ஒங்களுக்கு வந்துச்சு?”

“ஞாபகம் இல்லடா தங்கம்.”

அதையும் எழுதிக்கொண்டாள். பக்கத்தைத் திருப்பினாள். “இன்னும் ஒரு ஆள் வேணும். அம்மா, நீயே இரு.” நோட்டில் எழுதியிருந்ததை வாசித்தாள். வீட்டில் என்னை ‘நீ’ என்பவள், காகிதத்தில் எல்லோருக்கும் பொதுவாக மரியாதையோடு எழுதி வைத்திருந்தாள். “நீங்கள் அந்த வீடியோவைப் பார்த்தீர்களா?”

கமலா எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். அவள் சொன்ன பொய் அந்த நோட்டில் நீல மையில் இருந்தது. நேர்மையாக எழுதப்பட்ட அத்தனை பதில்களுக்கு நடுவில் அது ஒன்றுதான் பொய், அதைச் சொல்ல வைத்தவள் நான். இனி என் பொய்யையும் நிவேதா தன் கைப்படவே எழுதுவாள்.

“நான்தான் எடுத்தேன்” என்றேன்.

வழக்கம் போல அவள் எழுத ஆரம்பித்துவிட்டாள். பாதி வார்த்தையில் பேனா நின்றது.

“குரூப்புல போட்டதும் நான்தான். கார்த்திக் அங்கேருந்துதான் எடுத்து அனுப்பிச்சான். மௌஷுமி ஒன்னும் பண்ணல.”

அவள் மூச்சு வேகமாகியது. கை நெஞ்சுக்குப் போனது. அந்த அறிகுறிகள் எனக்கு மனப்பாடம். நான் எழுந்தேன். அவள் உள்ளங்கையை என் பக்கம் நீட்டி நிறுத்தினாள். வராதே என்று. எழுந்து ஓடவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, அத்தையின் கையைக்கூடப் பிடிக்கவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்து, நெஞ்சு அடித்துக்கொள்வதை அடிக்க விட்டாள். ஸ்டவ்வில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் இருக்கலாம். தோள்கள் மெல்லத் தளர்ந்தன. அந்தச் சிகிச்சை பலித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவள் அன்று தாங்கிக்கொண்டது என்னை.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நான் கத்துனப்போ நீ சிரிச்சியா?”

“சிரிச்சேன்.”

எட்டு நாள் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருவாள், ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் அப்பாவுக்குப் போன் செய்து, அவருக்கும் தெரிந்திருந்ததே என்று கத்தினாள்.

நான் ஷீபா மேடத்திடம் தனியாக நேரம் கேட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், “மோளுகிட்ட மன்னிப்பு கேளுங்க. ஆனா மன்னிச்சுட்டேன்னு சொல்லுன்னு கேக்காதீங்க. அப்படிக் கேட்டா உங்க சங்கடத்தையும் அதுதான் சுமக்கணும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இன்று வரை இருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் நிவேதா வாயைத் திறந்தபோது ஒரு நிபந்தனை வைத்தாள். ஊருக்குப் போனதும் மௌஷுமியிடம் நான் சொல்ல வேண்டும், அவளுடைய அம்மாவுக்கு முன்னால்.

மாத்திரை இல்லாமல்தான் கப்பல் ஏறினாள். நடுவில் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டாள், நெற்றி வியர்த்தது, அடங்கியது. நான் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் உட்காரச் சொன்னாள்.

மறுநாளே மௌஷுமி வீட்டுக்குப் போனோம். நிவேதா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். உள்ளே மௌஷுமியும் அவள் அம்மாவும் இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அளவெடுத்து ஆறு வருடம் யூனிஃபார்ம் தைத்திருக்கிறேன். நின்றபடியே ஹிந்தியில் சொல்லி முடித்தேன். என் ஹிந்தி பஜார் ஹிந்தி, சுற்றி வளைத்துச் சொல்ல வராது. அவள் அம்மா எழுந்துவிட்டார். “என் பொண்ணு மூணு மாசமா பள்ளிக்கூடத்துல தனியா உட்கார்ந்து சாப்பிட்டா” என்றார்.

மௌஷுமி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். “எனக்குத் தெரியும் ஆன்ட்டி” என்றாள். “கார்த்திக் முதல் வாரமே சொல்லிட்டான்.”

எனக்குப் புரியவில்லை. “அப்புறம் ஏன் அவகிட்ட சொல்லல?”

“அவ என்மேல கோபமா இருந்தா வீட்டுக்குப் போயிடலாம். உங்க மேல கோபம்னா எங்க போவா?”

நான் வெளியே வந்தேன். கேட்டருகே நிவேதா, “என்ன சொன்னா?” என்று கேட்டாள். சுருக்கிச் சொல்லிவிடலாம், எனக்கு அது சுலபம். ஆனால் மௌஷுமி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம் கேட்டது. யார் அழுகிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை. நான் வீட்டுக்கு நடந்தேன்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நிவேதா பொதுத்தேர்வு எழுதித் தேறிவிட்டாள். எப்போதாவது நெஞ்சு படபடக்கும். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். என்னோடு பேசுகிறாள், சில நாள் நிறையவே பேசுகிறாள். கடையில் யாரையாவது பற்றி நான் நடித்துக் காட்டுவது நின்றுபோய்விட்டது. வாடிக்கை குறைந்தது, பரவாயில்லை.

பிள்ளைக்கு இப்படி வந்திருக்கிறது, வெளியே சொல்ல முடியவில்லை என்று தவிக்கிற தாய்மார்கள் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்தாள். எல்லோருடைய பெயரையும் மாற்றிவிட்டு எழுதச் சொன்னாள். அவள் பெயர், அத்தை, மேடம், மௌஷுமி, கார்த்திக்கின் பெயர் கூட. மாற்றிவிட்டேன்.

“ஒன் பேரை மட்டும் மாத்தாத” என்றாள்.

என் பெயர் சரஸ்வதி.